கால் பட்டதும் குனியும் கை

இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், வேலைக்குப் போகும் பேருந்தில் என் கால் ஒரு பெண்மணியின் காலணிமேல் பட்டுவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகக் குனிந்து அவருடைய காலணி நுனியைத் தொட்டு என் கண்ணுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் தன் கைப்பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு இருக்கை தள்ளிப்போய் உட்கார்ந்தார். பைக்குள் கைவிடத்தான் குனிந்தேன் என்று நினைத்திருப்பார். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். வட ஜெர்மனியில் யாரும் யாரையும் முறைக்க மாட்டார்கள், ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முறைத்திருந்தாலே தேவலை.

அன்றிலிருந்து கைக்குப் பாடம் நடத்தினேன். இங்கே கால் பட்டால் ‘எண்ட்ஷுல்டிகுங்’ என்று சொல்ல வேண்டும். மன்னிக்கவும் என்று பொருள். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும் என்பது வேறு விஷயம். சொல்லிவிட்டுக் கையைப் பையின்மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நான் முதியோர் இல்லத்தில் செவிலி. நாள் முழுக்கக் காலைத் தொட்டுத்தான் பிழைப்பு. கழுவுவேன், மருந்து போடுவேன், காலுறை மாட்டிவிடுவேன். அதற்கெல்லாம் கையுறை உண்டு, நேரம் குறிக்கப் பதிவேடு உண்டு. கால் பட்டதற்காகத் தொட்டுக் கும்பிடுவதற்கு மட்டும் இந்த நாட்டில் வழி இல்லை. ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். என்னைப்போல வெளியே வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள், தங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். நாலு வருடத்தில் நான் நன்றாகத் தேறிவிட்டேன். அந்த நேரத்தில்தான் காஞ்சனா வந்து சேர்ந்தாள்.

காஞ்சனா கூடைப்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமம் ஒன்றில் பிறந்தவள். அவள் அப்பா மலைக்கும் ஆலங்காயத்துக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். நான் ஒடுகத்தூர்க்காரி, எங்கள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் உரக்கடை. ஆறாம் வகுப்பில் காஞ்சனா ஒடுகத்தூரில் இருந்த தன் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். வந்த அன்றே டீச்சரைவிட அரை சாண் உயரம். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு முன்னால் யாராவது உட்கார்ந்தால் போதும், பெஞ்சுக்கு அடியில் நீண்டு கிடக்கும் அவள் கால் அவர்கள்மேல் படும். உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு பாடவேளையில் ஏழெட்டு முறை குனிவாள். கணக்கு வாத்தியார் அவள் காப்பியடிப்பதாக நினைத்து எழுப்பி நிற்க வைத்தார்.

எங்கள் பள்ளியில் ஒரு சிமென்ட் தளமும் இரண்டு கூடைப்பந்துக் கம்பங்களும் இருந்தன. அறுவடைக் காலம் வந்தால் ஒரு பாதியில் வேர்க்கடலை காய வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் இருந்த ஒரே வளையத்தில்தான் நாங்கள் ஆடிப் பழகினோம். அதனால் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பந்தைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்பதே எங்களுக்கு லேட்டாகத்தான் நினைவுக்கு வரும். நான் அணித்தலைவி. கத்துவது என் வேலை. காஞ்சனாவின் வேலை வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது. இடுப்பால் இடம் பிடித்து நின்றாள் என்றால் யாராலும் நகர்த்த முடியாது. எங்கே கற்றாள் என்று கேட்டேன். அப்பா ஜீப்பில் என்றாள்.

அது விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்பது ஒரு விடுமுறைக்கு நான் அவளோடு அவள் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஜீப்பின் பின்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு நீள இருக்கை. பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர். நடுவில் சாமை மூட்டை, கோழி, ஒரு முறை ஒரு தையல் மெஷின். ஒவ்வொரு வளைவிலும் எல்லாருடைய காலும் எல்லார்மேலும் படும். ஒவ்வொரு வளைவிலும் எல்லாருடைய கையும் கீழே போய்க் கண்ணுக்கு வரும். பேச்சு நிற்காது, யாரும் யாரையும் பார்க்கக்கூட மாட்டார்கள், கை மட்டும் போய்வந்துகொண்டே இருக்கும். மலை ஏறி முடிப்பதற்குள் நான் யார் யாரையோ முப்பது தடவை தொட்டிருப்பேன். என்னையும் அத்தனை பேர் தொட்டிருந்தார்கள்.

மாவட்டப் போட்டியில் ஒரு தடவை இதனாலேயே தோற்றோம். கடைசி நிமிடம், பந்து காஞ்சனா கையில். எதிரணிப் பெண்ணின் பாதத்தை மிதித்துவிட்டாள். பந்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் குனிந்தாள். அந்தப் பெண் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய் வளையத்தில் போட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னாடி, ஆட வந்தியா, பூஜ பண்ண வந்தியா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“கால் பட்டுச்சு. சும்மா போவச் சொல்றியா?” என்றாள் காஞ்சனா. அழவில்லை, கோபப்படவும் இல்லை. நிஜமாகவே பதில் தெரியாமல்தான் கேட்டாள்.

நான் நர்சிங் படிக்கப் போய் பந்தை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் கல்லூரி, பிறகு மாநில அணி, அதே ஒதுக்கீட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நம் ஊரில் கூடைப்பந்தாட்டக்காரி பிழைக்க அதுதான் வழி. காலையில் பயிற்சி, பகலில் கோப்பு, மாலையில் மறுபடி பயிற்சி. தேசிய முகாமுக்கு அழைப்பு வந்த வருடம் முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனாள். சமதரையில் மட்டும் நடக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர். நெல்லிவாசல்நாட்டில் சமதரைக்கு எங்கே போவது? கட்டுப் பிரித்துப் பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு, வீட்டிலிருந்து ஜீப் நிற்கும் இடம் வரை மேட்டில் பின்பக்கமாக நடந்தே ஏறுவாள். தொடை வலுப்பட அது ஒரு வழி. எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று ஊரில் கேட்டார்களாம். இவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்திருக்கிறாள். ஒன்பது மாதம் அப்படி நடந்தாள். நானாக இருந்தால் ஒன்பது நாளில் கோப்புகளோடு சமாதானமாகியிருப்பேன். அவளை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதைவிட அதிகமாகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மறுபடி ஆட வந்து, அவள் ஆட்டத்தின் வீடியோக்கள் ஓர் ஏஜென்டின் கண்ணில் பட்டு, ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீகில் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அந்த கிளப் இருந்தது இங்கே நான் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில். இதை நான் கடவுள் செயல் என்றேன், அவள் ஏஜென்ட் செயல் என்றாள். அலுவலகத்தில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு தந்திருந்தார்கள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. கிளப் ஒப்பந்தத்தை நீட்டித்தால் சர்க்கார் வேலையை விட வேண்டும். நீட்டிக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது, அந்த வயதில் இன்னொரு கிளப் தேடி வராது. எப்படிப் பார்த்தாலும் அந்த ஒரு வருடம்தான்.

முதல் நாள் உள்ளரங்கத்தில் கால் வைக்குமுன் மரத்தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அது எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. படம் எடுத்து கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். தரையைத் தொட்டால் பக்தி, அழகு. ஆளைத் தொட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது.

பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். அவர்களுடைய பதினான்காம் எண் காஞ்சனாவைவிட உயரம், இரும்புக் கதவு மாதிரி பெண். இருவரும் பந்துக்கு எம்பினார்கள், இறங்கும்போது காஞ்சனாவின் கால் அவள் கணுக்காலில் பட்டு அவள் விழுந்துவிட்டாள். காஞ்சனா குனிந்தாள், அவள் காலணியைத் தொட்டாள், இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். விழுந்தவள் எழுந்து வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். அரங்கமே கத்தியது. நடுவர் விசிலடித்துக் காஞ்சனாவுக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார், மரியாதைக்குறைவாக நடந்தால் கொடுக்கும் தண்டனை அது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டு முஷ்டியையும் கண்ணில் வைத்துத் திருகிக் காட்டினார், குழந்தை அழுவதுபோல. கீழே விழுந்தவளைப் பார்த்துக் கண்ணைத் தொட்டால் இங்கே அழு, அழு என்று கேலி செய்வதாக அர்த்தமாம். காஞ்சனா பெஞ்சில் போய் உட்கார்ந்து, தான் சரியாகக் கும்பிடவில்லையோ என்பதுபோலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் பிர்கிட் என்னை மொழிபெயர்க்க வரச் சொன்னார். ஐம்பது வயதுப் பெண்மணி, பேசும்போது கையைக் கட்டிக்கொள்வார். காஞ்சனா ஆட்டத்துக்கு நடுவே குனிந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி வீடியோவாக வைத்திருந்தார். பதினோரு இடம். ஒன்றன்பின் ஒன்றாக ஓடியபோது எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கால் எங்களுக்கு எப்படி, அது ஒருவர்மேல் பட்டால் என்ன, எல்லாம் விளக்கினேன். பிர்கிட் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். மிகவும் அழகான வழக்கம் என்றார், ஆனால் அரை நொடி ஆகிறது என்றார். மார்ச் மாதக் கடைசி ஆட்டம் வரை பார்த்துவிட்டுத்தான் கிளப் முடிவு செய்யும் என்றும் சொன்னார். அந்த மனுஷியை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜன்னலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுச் சமையலறையில் பயிற்சி நடந்தது. நான் மிதிப்பேன், அவள் குனியக் கூடாது. அவள் மிதிப்பாள், அப்போதும் குனியக் கூடாது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பதால் காலுறையோடு சத்தமில்லாமல் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டோம். கையில் பந்தைக் கொடுத்துப் பார்த்தேன், பந்தைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுவதுபோல விரலில் மிளகாய்த்தூள் தடவலாமா என்றேன். கண்ணு பூட்டா வளையம் எங்கடி தெரியும் என்றாள். இருவரும் சிரித்து ஓய்ந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்.

“ஒனக்கு மட்டும் எப்டிடி நின்னுச்சு?”

பழகிவிட்டது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் பார்க்கும் பார்வை அது. எனக்குச் சங்கடமாக இருந்தது. தேநீர் போட எழுந்துவிட்டேன்.

இதற்கிடையே அவள் அம்மா வாரம் தவறாமல் போன் செய்வார். மகள் ஆடுவதில் அவருக்கு வருத்தமில்லை. சர்க்கார் வேலையை யாராவது விடுவார்களா என்பதுதான் அவருக்கு. மலையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்த முதல் பெண் இவள். அது சின்ன விஷயமில்லை.

மார்ச்சில் கடைசி ஆட்டம் அதே பக்கத்து ஊர் அணியோடு வந்தது. வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். காஞ்சனா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. அவளைவிட உயரமானவர்கள் மூன்று பேர் சுற்றி நின்றும் பந்து அவளிடமே வந்தது. எங்கே விழும் என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் இவள் அந்த இடத்தில் இடுப்பைக் கொடுத்து நின்றிருப்பாள். பதினெட்டுப் பேர் ஜீப்பில் இடம் பிடித்தவள். ஒரு முறை கூட்டத்துக்கு நடுவிலிருந்து பார்க்காமலே பின்னால் எறிந்த பந்து சரியாகத் தோழியின் கையில் போய் உட்கார்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த, அந்த வருடம் எந்த ஆட்டத்திலும் நான் சிரித்துப் பார்த்திராத ஒரு ஜெர்மானியர் எழுந்து நின்று கைதட்டினார்.

கடைசி நிமிடத்தில் இரு அணியும் சமம். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தைக் காஞ்சனா எம்பிப் பிடித்தாள். இறங்கியபோது அவள் கால் பதினான்காம் எண்ணின் பாதத்தின்மேல் நன்றாகவே இறங்கியது. மிதிபட்டவள் முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். காஞ்சனாவின் வலது கை பந்தை விட்டுக் கீழே கிளம்பியதையும் பார்த்தேன். முழங்கால் வரை வந்தது. அங்கே நின்றது. பிறகு திரும்பிப் பந்துக்கே போய்விட்டது. ஒரு காலில் சுழன்று இடது கையால் போட்டாள். விழுந்தது. ஜெயித்தார்கள்.

எல்லாரும் குதித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. குளிர்காலம் முழுக்க நான் கேட்டது அதைத்தான். அவள் கை முழங்காலில் நின்றபோது எனக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. இவளையும் கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது.

இறுதி விசில் அடித்ததும் கட்டிப்பிடிக்க வந்த தோழிகளை விலக்கிக்கொண்டு காஞ்சனா எதிரணிப் பக்கம் போனாள். ஒன்பதாம் எண் பெண்ணிடம் போய்க் குனிந்து காலணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அடுத்து இன்னொருத்தியிடம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆட்டம் முழுக்க யார் யார்மேல் கால் பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே ஆடியிருக்கிறாள். பதினான்காம் எண்ணிடம் போனபோது அவள் தன் காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டதாக நினைத்துத் தானும் குனிந்தாள். இரண்டு தலையும் டொக்கென்று முட்டிக்கொண்டன. காஞ்சனா நெற்றியைத் தேய்த்தாள். அவளும் தேய்த்தாள். பிறகு காஞ்சனா அவள் தலையை இரு கையாலும் பிடித்து, மெதுவாக இன்னொரு முறை முட்டினாள்.

ஒருமுறை முட்டினால் கொம்பு முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அரங்கத்தில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோய், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று நினைவு வந்து கையை இறக்கினார். பதினான்காம் எண் கொஞ்ச நேரம் திகைத்து நின்றாள். பிறகு அரங்கம் அதிரச் சிரித்தாள். வெளியே வரக் காஞ்சனாவுக்கு வெகுநேரம் ஆனது. மொத்தம் நாலு பேர் என்றும், ஒருத்தி அதற்குள் குளிக்கப் போய்விட்டதால் வாசலில் காத்திருந்து தொட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னாள்.

கிளப் இரண்டு வருடம் நீட்டித்தது. இனி வேலையை விடுவதா வேண்டாமா என்பதுதான் பாக்கி. அம்மா சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் காஞ்சனா. மே மாதம் இருவரும் சேர்ந்தே ஊருக்குப் போனோம். நீ சொன்னா அம்மா கேக்கும் என்று என்னை மலைக்குக் கூட்டிப்போனாள். நான் பேச வேண்டியதை வரிசையாக மனதில் தயார் செய்திருந்தேன். ஜெர்மனியில் கிடைக்கும் வைத்தியம், வீடு, ஆட்டம் நின்ற பிறகு படிக்கலாம் என்பது, எல்லாம்.

எங்களைப் பார்க்க அவள் அம்மா ஆலங்காயம் வரை இறங்கி வந்திருந்தார். அதே ஜீப், ஓட்டுவது அதே அப்பா. பின்பக்கம் நானும் காஞ்சனாவும் ஒரு பக்கம், எனக்கு நேர் எதிரே அம்மா, வெறுங்காலோடு. காவலூரில் இரண்டு பேர் இறங்கி ஐந்து பேர் ஏறினார்கள். மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் சாய்ந்தபோது குளிருக்கென்று ஜெர்மனியில் வாங்கிய என் தடித்த காலணி அம்மாவின் பாதத்தின்மேல் ஏறிவிட்டது.

“எண்ட்ஷுல்டிகுங்” என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஜீப்பில் யார் யாருடைய கையோ கீழே போய்வந்துகொண்டிருந்தது. அம்மா தன் காலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கோமதி, வேலைய வுட்டுட்டு அங்கியே இருந்தா, இவளும் இப்டி ஆய்டுவாளா?” என்று கேட்டார்.

தயார் செய்து வைத்திருந்த வரிசையில் இதற்குப் பதில் இல்லை. ஜீப் அடுத்த வளைவுக்கு முக்கிக்கொண்டு ஏறியது.

காஞ்சனா என் பக்கத்திலிருந்து குனிந்தாள். அம்மாவின் பாதத்தில் என் காலணி பட்ட இடத்தைத் தொட்டாள். அந்த விரலைக் கொண்டுவந்து என் கண்ணில் ஒற்றினாள், முதலில் வலது கண், பிறகு இடது கண்.

“இவளுக்கும் சேத்து நான் தொட்டுக்கறேன். போதுமாம்மா?” என்றாள்.

அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேலையை விடுவதற்கான கடுதாசியை நீயே எழுதிவிடுவாயா, யாரிடமாவது கேட்க வேண்டுமா என்று மகளிடம் விசாரித்தார். காஞ்சனா தானே எழுதிவிடுவதாகச் சொன்னாள். பிறகு இருவரும் இந்த வருடச் சாமை விளைச்சலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். என் இமையில் மலை மண் ஒட்டி உறுத்தியது. துடைக்கவில்லை. என் கைகள் இரண்டும் பையை மார்போடு அணைத்தபடியே இருந்தன.